மேலே குடும்பங்கள், கீழே சமையலறை: பழைய கட்டடத்தை விற்கும் முன்

கேள்வி: அப்பா விட்டுப்போன மூன்று தளக் கட்டடம் ஒன்று எனக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவில் இருக்கிறது. நூறு வயதுக்கு மேல் ஆனது, நகரின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளது. தரைத்தளம் உணவகத்துக்கானது. நடத்திவந்தவர் ஐந்து மாதங்களுக்கு முன் காலி செய்துவிட்டார். மேலே இரண்டு தளங்களில் ஆறு வீடுகள், ஐந்தில் ஆள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா முப்பது வருடமாக அங்கேயே குடியிருக்கிறார். விற்றுவிடலாம் என்று மூவரும் முடிவு செய்துவிட்டோம். எல்லோரையும் காலி செய்து, முகப்பைச் சிமென்ட் பூசி வர்ணமடித்துக் கொடுத்தால் விலை ஏறும் என்கிறார் தரகர். வீடு வீடாகப் பிரித்து விற்கலாம் என்கிறான் தம்பி. ஒருவர் முழுப் பணத்துடன் வந்து, உள்ளே இடித்துவிட்டு மாற்றிக் கட்டப்போவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தரகர் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். யாரையும் காலி செய்ய வேண்டாம், சிமென்ட் மூட்டை ஒன்றுகூட அந்தச் சுவர்ப் பக்கம் போக வேண்டாம். வேறு தவறு எதைச் செய்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இவை இரண்டும் அப்படியல்ல.

பழைய கட்டடங்களை மதிப்பிட்டு விற்றுக் கொடுக்கும் வேலையில் எனக்கு இருபத்தைந்து வருடங்கள் ஓடிவிட்டன. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட கட்டடத்தில் வாங்குபவர் விலையைக் குறைப்பதற்குப் பழமை காரணமாக இருப்பதில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது, பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது, கீழே மறுபடி அடுப்பு எரிய அனுமதி இருக்கிறதா என்று தெரியாமல் இருப்பதுதான் காரணம். தெரியாத ஒவ்வொன்றுக்கும் அவர் தன் மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அந்தக் கழிவு உண்மையான செலவைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். கேள்வி வரும் முன்பே பதிலைக் காகிதத்தில் வைத்திருப்பதுதான் இனி உங்கள் வேலை.

கணக்கை எளிதாகச் சொல்கிறேன். வாடகை வரும் கட்டடத்தை வாங்குபவர், செலவு போக வருடத்துக்குக் கையில் நிற்பதை, தான் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்தால் வகுத்துப் பார்ப்பார். வீடுகளிலிருந்து நிகரமாக 60 வருகிறது, அவர் 6% போதும் என்கிறார் என்றால் அந்தப் பகுதியின் மதிப்பு 1,000. உணவகத்திலிருந்து 40 வருகிறது, ஆனால் உணவகத் தொழில் சட்டென மூடக்கூடியது என்பதால் அவர் 10% கேட்கிறார் என்றால் அது 400. இவை விளக்கத்துக்கான எண்கள்தாம், உங்கள் ஊரில் விகிதம் வேறாக இருக்கும். ஆனால் வீட்டு வாடகையின் ஒவ்வொரு ரூபாயும் உணவக வாடகையின் ஒரு ரூபாயைவிட அதிகம் சுமக்கிறது என்பது பெரும்பாலும் எங்கும் பொருந்தும். அந்த ஐந்து குடும்பங்களை வெளியேற்றினால், அதிக மதிப்புள்ள வருமானத்தைத்தான் நீங்கள் உங்கள் கையாலேயே நிறுத்துகிறீர்கள்.

காலி செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, தரகர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, கட்டடம் காலியாக இருப்பது பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் வணிகக் கட்டடக் காப்பீட்டுப் படிவத்தின்படி, உரிமையாளருடைய கட்டடத்தில் பயன்பாட்டில் உள்ள பரப்பளவு 31 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது காலிக் கட்டடம். அப்படி 60 நாட்களுக்கு மேல் தொடர்ந்து இருந்துவிட்டால் திருட்டு, நாசவேலை, தண்ணீர்ச் சேதம் போன்றவற்றுக்கு இழப்பீடே கிடையாது; தீ விபத்து போன்ற மற்றவற்றுக்கு 15% குறைத்துத்தான் தருவார்கள். பிற நாடுகளின் பத்திரங்களிலும் இதே வகை நிபந்தனைகள் உண்டு, நாட்கணக்கு மட்டும் மாறும். உங்கள் கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கும் ஒரு வீடும் காலியாக இருந்தாலும் பாதிக்கு மேல் இன்னும் ஆள் இருக்கிறது. அந்தப் பெரியம்மாவும் மற்ற நான்கு குடும்பங்களும் விளக்குப் போடுவதும் குழாய் ஒழுகினால் உங்களைக் கூப்பிடுவதும்தான் இன்று கட்டடத்துக்கான காவல்.

இப்போது தரைத்தளத்துக்கு வருகிறேன். உங்கள் விற்பனை நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன், கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற ஒரு கட்டடத்தை நான் விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விலை பேசியாயிற்று, முன்பணம் வந்தாயிற்று. வாங்குபவர் தரப்புப் பொறியாளர் கடைசிச் சோதனைக்கு வந்தார். கீழே அடுப்புக்கு மேல் இருந்த புகைக்கூண்டிலிருந்து தகரக் குழாய் மேலே போவது எல்லோருக்கும் தெரியும். எந்த வழியாகப் போகிறது என்று அவர்தான் முதலில் கேட்டார். தேடிக்கொண்டே போனோம். முதல் மாடியில் ஒரு குடித்தனக்காரரின் படுக்கையறைத் துணி அலமாரிக்குப் பின்னால் பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றினோம். குழாய் பலகையைத் தொட்டுக்கொண்டே மேலே போயிற்று, நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. இணைப்பு ஒன்றில் தகரம் விலகியிருந்தது. அதன் வழியே கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளாக, கெட்டியாக, பலகையில் வழிந்து உறைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டிக்கொண்டு நூல் இழுத்தது. கீழே ஒருநாள் அடுப்புத் தீ கூண்டுக்குள் ஏறியிருந்தால், அந்த அறையில் தூங்குபவர்களின் தலைமாட்டில் வந்து நின்றிருக்கும். அலமாரியில் குழந்தைகளின் சட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த விற்பனை முறிந்தது, முறிந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு முன் பலமுறை அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்தும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் எக்ஸாஸ்ட் குழாய் எந்த வழியாக மேலே போகிறது? தீயைத் தாங்கும் தனிக் கூண்டுக்குள் கூரைவரை நேராகப் போகிறதா, அல்லது யார் வீட்டுச் சுவரையோ உரசிக்கொண்டு போகிறதா? கூரையில் முடிகிறதா, பின்பக்க ஜன்னலுக்குக் கீழேயா? நடுநடுவே திறந்து சுத்தம் செய்யக் கதவுகள் இருக்கின்றனவா? வணிகச் சமையலறைப் புகைப்போக்கிகளுக்கு உலகில் பல இடங்களில் அடிப்படையாகக் கொள்ளப்படும் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 96 தரநிலை, நாள் முழுக்க எரியும் அடுப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மிதமான சமையலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், விறகு, கரி அடுப்புக்கு மாதந்தோறும் ஆய்வு வேண்டும் என்கிறது. காலி செய்துபோனவர் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார் என்பதற்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தொழில்முறை ஆட்களை வைத்துத் தகரம் தெரியும்வரை சுரண்டிச் சுத்தம் செய்து, முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் வழியில் எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்துப் பிடிக்கும் கிரீஸ் டிராப்பையும் இப்படியே. அது எங்கே இருக்கிறது என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரிவதில்லை.

நல்ல எக்ஸாஸ்ட் பாதை இருக்கும் பழைய கட்டடம் அபூர்வம். பட்டியலில் உள்ள கட்டடத்தில் புதிதாக ஒரு குழாயை முகப்பிலோ கூரையிலோ தெரியும்படி ஏற்ற அனுமதி வாங்குவது எவ்வளவு கடினம் என்பது தெரிந்த வாங்குபவருக்கு, ஏற்கெனவே முறையாக இருக்கும் குழாய் ஒன்றே தரைத்தளத்தின் பாதி விலை. உங்களுடையது அப்படி இருந்தால் அதை வரைபடத்தோடு முன்னால் வையுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் மறைக்க வேண்டாம். சரிசெய்ய என்ன ஆகும் என்று எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி அதையும் சேர்த்தே வையுங்கள்.

ஐந்து மாதம் காலி என்பது என்னைக் கவலைப்படுத்துகிறது. பல நகரங்களில், இன்றைய விதிப்படி அந்தத் தெருவில் உணவகம் கூடாது என்றாலும், விதி வருவதற்கு முன்பிருந்தே நடந்துவந்ததால் அனுமதித்திருப்பார்கள். அந்தப் பயன்பாடு தொடர்ந்து குறிப்பிட்ட காலம் நின்றுபோனால் உரிமையும் போய்விடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஊருக்கு ஊர் கெடு வேறுபடும். நகரத் திட்ட அலுவலகத்தில் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக ‘பரவாயில்லை’ என்றால் வாங்குபவரின் வக்கீலிடம் அது செல்லாது.

காலி இடத்தை நிரப்பிவிட்டு விற்பதா, காலியாகவே விற்பதா? கெடு நெருக்கினால் நிரப்புங்கள். நெருக்காவிட்டால், அவசரத்தில் கிடைத்தவருக்குப் பத்து வருடக் குத்தகை எழுதிக் கொடுப்பதைவிடக் காலியாக, நாளைக்கே அடுப்புப் பற்றவைக்கும் நிலையில் வைத்திருப்பது மேல் என்பேன். தகுதியில்லாதவரோடு போட்ட நீண்ட குத்தகை புதிய உரிமையாளர் தலையில் விழும், அதற்கும் அவர் விலையைக் குறைப்பார். யாருக்குக் கொடுத்தாலும் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிடுங்கள்: புகைக்கூண்டு, குழாய், குளிர் அறை, தீயணைப்புக் குழாய்கள் யாருடையவை? போனவர் எதையெதைக் கழற்றிக்கொண்டு போனார், எதை விட்டுப்போனார் என்று இப்போதே ஒரு பட்டியல் எடுங்கள்.

அடுத்து முகப்பு. தரகர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், புதுப் பூச்சு படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1824-ல் என்றாலும், அதற்குப் பிறகும் நீண்ட காலம் செங்கல் கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில்தான் எழுந்தன. உங்களுடையதும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சாவியின் நுனியால் செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்தை லேசாகக் கீறிப் பாருங்கள். வெண்மையாக, மணல்போல் உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாவி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தால் யாரோ பின்னால் சிமென்ட் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மழை ஈரத்தை உள்வாங்கிச் சாந்தின் வழியே மெல்ல வெளியே விடும். அதன்மேல் இறுகிய சிமென்ட் பூச்சைப் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மென்மையான பழைய செங்கல்லுக்குள் தங்கும். அதிலுள்ள உப்பு உள்ளேயே பரல் கட்டிச் செங்கல்லின் முகத்தைத் தள்ளும். சில வருடத்தில் பூச்சு விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று பொள்ளலாக ஒலிக்கும். அது பெயரும்போது செங்கல்லின் தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். விவரமறிந்த வாங்குபவர் புதுப் பூச்சைப் பார்த்ததும் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். கூரை ஒழுகலை அடைத்து, மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, உடைந்த கண்ணாடியை மாற்றினால் போதும். முகப்பைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், அதிக அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டாம்.

பட்டியலில் இருப்பதைச் சாபம்போல் நினைக்க வேண்டாம். அது எந்தப் பட்டியல், எதைக் காக்கிறது என்று மூல ஆவணத்தைப் படித்திருக்கிறீர்களா? நாட்டுக்கு நாடு பொருள் முற்றிலும் மாறும். அமெரிக்காவில் 1966-ல் சட்டமான தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டாது; கட்டுப்பாடு நகரத்தின் உள்ளூர்ச் சட்டத்தில்தான் வரும். அதே பதிவேட்டுத் தகுதியால், வருமானம் தரும் கட்டடத்தைத் தரத்தோடு புதுப்பித்தால் செலவில் 20% வரிச் சலுகை கிடைக்கும். ஆனால் புதுப்பித்த ஐந்து வருடத்துக்குள் விற்றால் அதில் ஒரு பங்கையோ முழுவதையுமோ திருப்பிக் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தின் உட்புறமும் பாதுகாப்புக்குள் வரும். அங்கே முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்த மாற்றத்துக்கும் இன்றைய உரிமையாளர் மீது நடவடிக்கை வரலாம், அதற்குக் காலக் கெடுவே கிடையாது. அப்பா காலத்தில் ஏதாவது சுவரை எடுத்தார்களா, மாடிப்படியை மாற்றினார்களா என்று அக்காவோடு உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். அனுமதிக் காகிதம் இல்லாவிட்டால், விற்கும் முன் நீங்களே அலுவலகத்துக்குப் போய் முறைப்படுத்தக் கேளுங்கள். அவர்களே கண்டுபிடித்து வருவதற்கும் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முழுப் பணத்தோடு வந்தவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உட்புறமும் பாதுகாக்கப்பட்டது என்றால் அவர் திட்டம் நடக்காது, நடக்காது என்று தெரிந்த நாளில் விலகிவிடுவார். அதற்குள் உங்களுக்கு எட்டு மாதம் போயிருக்கும். ஆவணத்தின் நகலை அவர் கையில் கொடுங்கள். படித்த பிறகும், ‘அனுமதி கிடைத்தால்’ என்ற நிபந்தனை இல்லாமல் ஒப்பந்தம் போடத் தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால் பேசலாம். பயன்பாட்டில் வைத்திருப்பதே பழைய கட்டடத்தைக் காக்க உதவும் என்று பழஞ்சின்னங்களைக் காப்பது பற்றிய 1964-ன் வெனிஸ் சாசனம் தன் ஐந்தாவது பிரிவில் சொல்கிறது. அதே பிரிவு, அந்தப் பயன்பாடு கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. உணவகமும் வீடுகளும் அந்தக் கட்டடம் பழகிய பயன்பாடுதான். அதைத் தொடர நினைக்கும் வாங்குபவர் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடக் கொஞ்சம் அதிக நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

தம்பியின் யோசனை கூட்டிப் பார்த்தால் பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் ஆறு பேருக்கு ஆறு வீடும் ஏழாமவருக்குக் கடையும் விற்றால், கூரை யாருடையது? முகப்புக்குச் சாரம் கட்டும் செலவை யார் தருவார்? எக்ஸாஸ்ட் குழாய் கடக்கும் வீட்டுக்காரர் நாளைக்கு மறுத்தால் என்ன ஆகும்? தனித்தனி மின் இணைப்பும் தண்ணீர்க் கணக்கும் தீத்தடுப்பும் வேண்டியிருக்கும், பட்டியலில் உள்ள கட்டடத்தில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். மூன்று உடன்பிறப்புகள் இரண்டு மூன்று வருடம் சேர்ந்து இழுக்க வேண்டிய வேலை அது. கலப்புக் கட்டடமாக முழுதாக விற்பதில் வரி லாபம் இருக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் வாங்குபவர் கட்டும் முத்திரை வரியின் உச்ச வீதம் 5%, தனிக் குடியிருப்புக்கு அது 12% வரை போகும். பிரிப்பதென்றால் உங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் இரண்டு கணக்கும் போட்டு வாங்கிவிட்டுப் பேசுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுதாகத்தான் விற்பேன்.

குடியிருப்பவர்கள் விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம். விற்பனையால் வாடகை ஒப்பந்தம் முறியாது என்பதை ஜெர்மானியச் சிவில் சட்டத்தின் 566-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு அப்படியே வந்துவிடுவார். இங்கிலாந்தின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளின் பங்கு பாதிக்குக் குறையாத கட்டடங்களில், தகுதியுள்ள குடியிருப்போருக்கே முதலில் விற்க முன்வர வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அப்படி முதல் உரிமை உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். இருந்து, அதைத் தாண்டி விற்றுவிட்டால் வழக்கு வரும்.

ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பக்க உறுதிக் கடிதம் வாங்குங்கள். வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறார்கள், முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, உங்களுக்கும் அவர்களுக்கும் வாய்ப்பேச்சில் வேறு ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று அதில் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் உரிமை, படிக்கட்டுக்குக் கீழே ஒரு பூட்டிய அறை, வாடகையை ஏற்றமாட்டேன் என்று உங்கள் அப்பா கொடுத்த வாக்கு எல்லாம் அதில்தான் வெளிவரும்.

நகர அலுவலகத்துக்கும் குழாய் சுத்தம் செய்பவருக்கும் சொல்லி அனுப்பும் முன், மாடியேறிப் போய் அந்தப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடத்தை விற்கிறோம், உங்களைப் போகச் சொல்லவில்லை, அளவெடுக்க ஆள் வருவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அளவு நாடாவோடு கதவைத் தட்டும் அந்நியர் வாயிலாக அவருக்கு இது தெரியவரக் கூடாது. முப்பது வருடத்தில் எந்தச் சுவர் எந்த மழையில் நனைகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள்.